வல்வெட்டித்துறையிற் கட்டிய மரக்கலம்



1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் என்னும் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் வந்தடைந்தது. இரண்டு பாய்மரங்களைக் கொண்ட அக்கப்பலின் முகப்பிலே ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற ஆங்கிலப் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அது அதன் பிறவிப் பெயரன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, வல்வெட்டித்துறையின் மணற்பரப்பிலே, வேப்பமரத்தைக் கொண்டு நம்மவர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் கலமே அது. அரபிக்கடல், செங்கடல், மத்தியதரைக்கடல் ஆகிய மூன்றையும் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, அக்கலம் அங்கே சென்றிருந்தது.

இச்செய்தியை நம்மவர் பலர் பெருமையோடு சொல்வதுண்டு. பெருமை கொள்வது நியாயமே. ஆனால், ஒரு வினாவும் உடன் எழ வேண்டும். அத்தகைய கப்பலைக் கட்டவல்ல ஊர், அடுத்து வந்த சில பத்தாண்டுகளுக்குள் கப்பல் கட்டுதலை ஏன் கைவிட்டது? கைத்திறன் குறைந்ததனாலா? முயற்சி குன்றியதனாலா? அல்லது வேறு காரணம் உண்டா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்காகவே இன்று அவ்வூரின் மரக்கலத் தொழிலைப் பற்றிச் சிறிது ஆராய எண்ணுகின்றேன்.

வல்வெட்டித்துறை, காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே, தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே அமைந்த சிற்றூர். இயற்கை அவ்வூருக்கு ஒரு நல்ல துறைமுகத்தை அளிக்கவில்லை. கரையோரம் சுண்ணக்கற்பாறை, அதற்கப்பால் திறந்த கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அக்கடல் கொந்தளிக்கும். பெரிய கலங்கள் கரையை அணுக இயலாமையால், சற்றுத் தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, வத்தைகளிலேயே சரக்குகளை ஏற்றி இறக்குவர். துறைமுகமில்லாத ஊர் கப்பலூராயிற்று என்பது வியப்பன்றோ? இதற்கு விடை கரையிலில்லை. எதிரே விரிந்து கிடந்த கடல் வாணிகத்தில் இருக்கின்றது.

வடபகுதியின் கடல் வாணிகம் பழைமையானது. 12ஆம் நூற்றாண்டிலே ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவிலே கிடைத்துள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் வேற்று நாட்டாருக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டுமென்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கலம் உடைந்தால், நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன என்றும், பிற வணிகக் கலங்கள் உடைந்தால் இரு சாராரும் சரிபாதி கொள்ள வேண்டுமென்றும் அது விதிக்கின்றது. உடைந்த கலத்தைப் பற்றி அரசன் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததெனின், எத்தனை கலங்கள் அக்காலத்து இக்கரைக்கு வந்து போயிருக்க வேண்டும் என்பதை நாம் உய்த்துணரலாம். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பற்றூற்றா என்னும் யாத்திரிகரும், ஆரியச்சக்கரவர்த்தியின் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்ததைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார்.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறினும் கடலோடிகளின் தொழில் அறவே அற்றுப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டிலே வல்வெட்டித்துறைக் கலங்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும், வங்கக் கடலைக் கடந்து பர்மாவின் இரங்கூன், அக்கியாப் முதலிய துறைகளுக்கும் சென்று வந்தன. இங்கிருந்து புகையிலையும் பனைமரமும் போன்ற பொருள்கள் சென்றன. அங்கிருந்து நெல்லும் அரிசியும் ஓடும் தேக்குமரமும் வந்தன. யாழ்ப்பாணத்தார் உண்ட சோற்றிலும், அவர் வீட்டுக் கூரையிலும், கதவு நிலைகளிலும் கடலோடியின் உழைப்பு கலந்திருந்தது. கப்பல் வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டே அவ்வூரின் பெரிய சிவன் கோயிலும் எழுந்தது.

நீராவிக் கப்பல்கள் வந்த பின்னரும் இப்பாய்க்கப்பல்கள் பல ஆண்டுகள் தாக்குப் பிடித்தன. அதற்குக் காரணம் உண்டு. பாக்கு நீரிணை ஆழமற்றது. பெரிய நீராவிக் கப்பல்கள் அதனுள் வர இயலாது. இலங்கையைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஆழங்குறைந்த நீரிலே மிதக்கும் மரக்கலங்களோ சிறிய துறைகளுக்கும் எளிதாகச் சென்றன. அவற்றுக்கு நிலக்கரி வேண்டுவதில்லை; காற்று விலையின்றிக் கிடைத்தது. சோளகக் காற்று எழும்போது கிழக்கு நோக்கிப் பாய் விரித்து, காற்று வடகிழக்குக்குத் திரும்பும்போது வீடு நோக்கி வருவர். பருவத்தை அறிந்து புறப்படுவதே அவர்களின் கணக்கு.

இனி, இக்கலங்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்று பார்ப்போம். கப்பல் கட்டும் தச்சரை ஓடாவியார் என்றும், வேலைக்குத் தலைமை தாங்குபவரை மேத்திரியார் என்றும் அழைப்பர். ஊரிலே தொழிற்சாலைக் கட்டடம் எதுவும் இல்லை; கடற்கரையே தொழிற்சாலை. நல்ல நாள் பார்த்து, பூசை செய்து, கலத்தின் முதுகெலும்பாகிய ஏராக்கட்டையை மணலிலே நிறுத்துவர். அதன் இரு முனைகளிலும் முன்னணியமும் பின்னணியமும் எழும்பும். பின்னர், மனிதனின் விலா எலும்புகள் போல வங்குக்கால்களைப் பூட்டுவர்.

இவ்வங்குக்கால்களே ஓடாவியாரின் அறிவுக்கு உரைகல். நேரான மரத்தை வளைத்து வெட்டினால், அதன் நார் அறுபட்டு வலிமை குன்றும். ஆதலால், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடிச் செல்ல வேண்டும். வளவிலே நிற்கும் ஒரு வேப்பமரத்தையோ பூவரசையோ நாம் பார்த்தால், நிழல் தரும் மரம் என்று மட்டுமே எண்ணுவோம். மேத்திரியார் அதைப் பார்த்தால், இந்தக் கவர் எந்தக் கலத்தின் எந்த வங்குக்கு உதவும் என்று அவர் மனம் அளவெடுத்துக் கொள்ளும். யாழ்ப்பாணத்து மண்ணிலே பெருங்காடுகள் இல்லை. ஆயினும் வேம்பு எங்கும் உண்டு. அதன் கசப்பு காரணமாகப் பூச்சிகள் அதனை எளிதில் அரிப்பதில்லை. வீட்டு முற்றத்து மரத்தைக் கொண்டே சமுத்திரம் கடக்கும் கலத்தைக் கட்டினர் என்பது, இருப்பதைக் கொண்டு வாழக் கற்ற ஒரு சமுதாயத்தின் அறிவுக்குச் சான்றாகும்.

வங்குகளின் மேற் பலகைகளைப் பொருத்தி ஆணி அறைவர். பலகைகளின் இடைவெளிகளிற் பஞ்சை உளி கொண்டு அடித்துச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பசையினாற் பூசி, நீர் புகாமல் அடைப்பர். இதனைக் கலப்பத்து என்பர். கலப்பத்து ஓரிடத்திற் பழுதாயின், முழுக் கலமும் அதனாற் கெடும். பின்னர்ப் பாய்மரங்கள் நாட்டி, பறுவான்கள் ஏற்றி, ஆலாத்துக் கயிறுகள் பூட்டுவர். கலம் முற்றுப்பெற்ற நாளிலே ஊரே கடற்கரையிற் கூடும். உருளைகளின் மேல் அக்கலத்தை ஏற்றி, வடம் பிடித்துத் தேரிழுப்பதுபோல் இழுத்துக் கடலிலே தள்ளுவர்.

இவ்வேலையில் வழங்கும் சொற்களே ஒரு வரலாற்று நூல் எனலாம். அணியம், வங்கு, பாய்மரம் என்பன தமிழ்ச் சொற்கள். சுக்கான் என்பது அரபியர் தந்தது. நங்கூரம் பாரசீகச் சொல். கலப்பத்து என்பதோ போர்த்துக்கேயரோடு வந்தது. நம்மிடமிருந்து பிறர் கொண்டதும் உண்டு. கப்பல் என்ற நம் சொல் மலாய் மொழியிலே இன்றும் வழங்குகின்றது. ஓடாவியார் கரையொதுங்கிய அந்நியனை வெறுத்தவரல்லர், அவனிடமிருந்து கற்றவர். ஐரோப்பியரின் பாயமைப்பைக் கண்டு, அதனைத் தம் தோணியின் உடலோடு பொருத்தி, இருமரக் கலங்களைத் தம் முறையிலே கட்டினர். ஸ்கூனர் என்னும் வகைக் கப்பலிலே பாய்கள் கலத்தின் நீளவாட்டில் அமையும். பிறிக் என்னும் வகையிலே பறுவான்களிற் குறுக்காகத் தொங்கும். இவ்வேறுபாடுகளையெல்லாம் எழுத்திற் படியாமல், கண்ணாற் கண்டும் கையாற் செய்துமே அவர்கள் அறிந்தனர்.

1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட அன்னபூரணி, இந்த நீண்ட மரபின் கடைசிக் கனிகளுள் ஒன்று. அதன் நீளம் 89 அடி. அகலம் 19 அடி. ஏனைய கலங்களைப் போலவே அதுவும் சரக்கேற்றி வாணிகம் செய்துவந்தது. அப்பொழுதுதான் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கரின் கண்ணில் அது பட்டது. அவர் சாதாரணப் பயணியல்லர். 1928ஆம் ஆண்டு தொடங்கி 1931ஆம் ஆண்டு வரை, ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் பாய்ப்படகிலே உலகத்தைச் சுற்றிவந்தவர். பாய்க்கப்பலின் நன்மை தீமைகளை அனுபவத்தால் அறிந்தவர். அத்தகையவர், பல நாட்டுக் கலங்களையும் கண்ட பின்னர், வல்வெட்டித்துறைக் கலத்தை விலைகொடுத்து வாங்கினாரெனின், அது வெறும் முகமனன்று, தொழிலறிந்தவரின் தீர்ப்பு. அவர் தம் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1937ஆம் ஆண்டிலே அக்கலம் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டது. அதிலே வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் சென்றனர். அவர்களின் தண்டையல் தம்பிப்பிள்ளை என்பவர். இரங்கூன் வழியை அறிந்த அவர்கள், இப்பொழுது தங்கள் பாட்டன்மார் காணாத கடல்களிலே பாய் விரித்தனர். சுயெஸ் கால்வாயைக் கடந்து, ஜிபிரால்ரரைத் தாண்டி, ஓராண்டுக்கு மேற்பட்ட பயணத்தின் பின் அவர்கள் குளோஸ்ரரை அடைந்தனர். அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதின. வேப்பமரப் பலகையும் ஓடாவியாரின் கலப்பத்தும் அத்திலாந்திக் அலைகளுக்கு ஈடுகொடுத்தன.

நேயர்களே, அக்கலம் சென்றடைந்த கரையைப் பற்றியும் சிறிது அறிவது நன்று. ஏனெனில், அங்கே நமக்கொரு பாடம் உண்டு. குளோஸ்ரருக்கு அண்மையில் எசெக்ஸ் என்ற சிற்றூர் இருக்கின்றது. அதுவும் மரக்கலம் கட்டிய ஊரே. 1668ஆம் ஆண்டிலேயே அங்கே ஆற்றங்கரையில் ஒரு ஏக்கர் நிலம் கப்பல் கட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டது. ஆழ்ந்த துறைமுகம் அவ்வூருக்கும் இல்லை. ஒடுங்கிய ஓர் ஆறே உண்டு. அவ்வாற்றிலே பெருக்கு வரும் வேளை பார்த்துக் கலங்களை இறக்கி, பாய்மரம் நாட்டுவதற்குக் குளோஸ்ரருக்கு இழுத்துச் செல்வர். குளோஸ்ரர் மீனவர் ஓட்டிய ஸ்கூனர்களுட் பெரும்பாலானவை அங்கே பிறந்தவையே. ஏறத்தாழ 4,000 கலங்கள் அச்சிற்றூரிலே கட்டப்பட்டன என்பர். அங்கே வேம்புக்குப் பதிலாக ஓக் மரம். நம் மேத்திரியாரின் மனக்கணக்குக்குப் பதிலாக, மரத்திற் செதுக்கிய அரைக்கப்பல் மாதிரி. மற்றும்படி, இரண்டு ஊர்களும் அக்காள் தங்கை போன்றவையே.

எசெக்ஸிலும் அத்தொழில் நிலைக்கவில்லை. இயந்திரப் படகும் இரும்புக் கப்பலும் வந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவ்வூரின் பழைய கப்பல் முற்றங்களும் அடங்கின. ஆகவே, பாய்க்கப்பலின் மறைவு நம்மவரின் குறைபாட்டால் மட்டும் நேர்ந்ததன்று என்பது தெளிவு. காலமே அத்தொழிலை எதிர்த்தது.

ஆயினும் வல்வெட்டித்துறைக்கு வந்த இடி இன்னும் விரைவானது. அதன் கலங்கள் வாழ்ந்தது அரிசியினால். 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மிய அரிசி நின்றது. யுத்தம் முடிந்த பின்னரும் பழைய வழி பழைய வழியாகத் திரும்பவில்லை. அரிசி வாணிகம் அரசாங்கங்களின் உடன்படிக்கைகளுக்கு உட்பட்டு, பெருங்கப்பல்களிலே பெருந்துறைமுகங்களுக்கு வந்தது. 1947இல் இந்தியாவும் 1948இல் இலங்கையும் தனித்தனிச் சுதந்திர நாடுகளாயின. அதுவரை இரு கரைகளுக்கும் இடையே அயல் வீட்டுக்குப் போவதுபோலப் போய்வந்த கடலோடி, கடவுச்சீட்டும் அனுமதிச்சீட்டும் காட்ட வேண்டியவனானான். நேற்று வணிகமாயிருந்தது இன்று கள்ளக்கடத்தல் என்னும் பெயரைப் பெறக்கூடிய நிலை வந்தது. 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்தம், கரையோர மக்களைக் கடலை விட்டே பல காலம் விலக்கிவைத்தது. மீன்பிடிப் படகுகளுங்கூடக் கண்ணாடி இழையாற் செய்யப்படும் காலமும் வந்துவிட்டது.

இப்பொழுது நம் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. அன்னபூரணி அமெரிக்காவை அடைந்தபோது, அதனைக் கட்டிய கைகள் தளரவில்லை. அவற்றின் திறமைக்கு உலகச் சான்றே கிடைத்தது. ஆனால், அப்புகழ் ஒரு புதிய கலத்துக்கும் ஏராக்கட்டை நாட்டவில்லை. ஒரு கைத்தொழில் புகழினால் வாழ்வதில்லை. ஏற்றிச் செல்லச் சரக்கும், சென்று சேரத் துறையும், வாங்குவாரும் விற்பாரும் இருந்தாற்றான் கப்பல் கட்டுவோன் உளியை எடுப்பான். சரக்கு நின்றபோது கப்பல் நின்றது. கப்பல் நின்றபோது மேத்திரியாரின் மகன் வேறு தொழிலை நாடினான். அதற்காக அவனைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? வயிற்றுக்கு உணவளிக்காத பெருமையைக் கட்டிக் காக்கும்படி ஒருவனிடம் நாம் கேட்கலாகாது.

எனினும், தொழில் மறைவது ஒன்று. தொழிலைப் பற்றிய அறிவும் உடன் மறைவது மற்றொன்று. முன்னதை நாம் தடுத்திருக்க முடியாது. பின்னதைத் தடுக்கலாம். எசெக்ஸ் ஊரார் இதனை உணர்ந்தனர். 1976ஆம் ஆண்டிலே அவர்கள் தங்கள் கப்பற் கலைக்கென்று ஓர் அரும்பொருட்சாலையைத் தோற்றுவித்தனர். அதற்கு அவர்கள் தேர்ந்த இடம் எது தெரியுமா? 1835ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஒரு பழைய பள்ளிக்கூடம். தச்சரின் வாச்சிகளும் உளிகளும் அரைக்கப்பல் மாதிரிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவ்வாறு நினைவைப் பேணியதன் பயனாக, 1997ஆம் ஆண்டில் அவ்வூரிலே மீண்டும் ஒரு மர ஸ்கூனர் கட்டப்பட்டுக் கடலில் இறக்கப்பட்டது. அறிவு காக்கப்பட்டிருந்தமையால், தேவை எழுந்தபோது அதனைக் கையிலெடுக்க ஆள் இருந்தார்.

நம் நிலை அதனினும் கடினமானது. நம் மேத்திரியாரின் கப்பற் படம் காகிதத்தில் இருந்ததில்லை. அவருடைய கண்ணிலும் முழக்கோலிலும் இருந்தது. காகிதத்தில் இருப்பது அலுமாரியிலே நூறாண்டு கிடக்கும். கண்ணில் இருப்பதோ கண் மூடும்போது மூடிவிடும். நம் நாட்டுக் கலங்களை விரிவாக அளந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹோர்ணெல் என்ற ஆங்கிலேயர். 1943ஆம் ஆண்டில் அவர் இலங்கையின் மீன்பிடிக் கலங்களையும் கரையோரக் கலங்களையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அவருக்கு நாம் நன்றி கூற வேண்டும். ஆனால், பலகைக்குப் பலகை, கயிற்றுக்குக் கயிறு, தமிழ்ப் பெயர் சொல்லி எழுத வேண்டிய கடமை நம்முடையதன்றோ?

கல்வித்துறையிற் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். நம் மாணவர்கள் கொலம்பசின் கப்பல்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பர். அது நல்லதே. ஆனால், வங்குக்கால் என்றால் என்ன, கலப்பத்து என்றால் என்ன, சோளகக் காற்றிலே எந்தத் துறைக்கு ஓடலாம் என்று கேட்டால், கடற்கரைப் பாடசாலை மாணவனும் விழிப்பான். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு கொப்பியை எடுக்கட்டும். ஊரிலே முதியோர் வாயில் எஞ்சியுள்ள கப்பற் சொற்களை அதில் எழுதட்டும். மூலையிற் கிடக்கும் ஒரு சுக்கான் துண்டையோ, ஒரு கப்பித் துண்டையோ கண்டால், விறகாக்காமல் அளந்து படம் வரையட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை; ஒரு முழக்கோலும் பென்சிலும், கேட்கும் செவியும் போதும்.

அன்னபூரணி என்பது உணவளிக்கும் அம்மையின் பெயர். அரிசி ஏற்றிவந்த கலத்துக்கு அதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. பெயரைத் தந்தவரும், வேம்பைத் தேர்ந்தவரும், பஞ்சை அடித்து இடுக்கை அடைத்தவரும் தங்களைப் பற்றி ஒரு வரிதானும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுதியது மரத்திலே. அம்மரம் நம் கைக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றுவிட்டது. எஞ்சிய சொற்களையேனும் நாம் கரை சேர்ப்போமாக.